கல்லூரித் தலைமையும் மாணவர் பொறுப்பும்: பெஞ்சமின் மேய்ஸின் பணி

கல்லூரி ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஆயர் திருப்பணியில் நீடிக்கிறாரா, அல்லது அதனின்று விலகி வேறொரு தொழிலுக்குச் சென்றுவிட்டாரா என்னும் வினா நம் பேராயங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. கட்டணம் தண்டுதல், விடுதி ஒழுங்கு, ஆசிரியர் நியமனம், கட்டட நிதி ஆகியவற்றிலேயே நாளெல்லாம் கழிக்கும் ஒருவரைத் திருப்பணியாளர் என்றழைக்கத் தயங்குவோர் பலர். மறுபுறம், காலைவேளை ஆராதனையை ஒழுங்காக நடத்திவிட்டால் கல்லூரி நிர்வாகம் தானாகவே தூய்மை பெற்றுவிடும் எனக் கருதுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் போதுமானவையல்ல. ஒருவரது நெடிய பணிவாழ்வைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் தென்பகுதியில், அட்லாண்டா நகரிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை 27 ஆண்டுகள் தலைவராயிருந்தவர் டாக்டர் பெஞ்சமின் எலைஜா மேய்ஸ். அவர் பாப்திஸ்து சபையின் போதகர். மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசான் என்ற அளவிலேயே நம்மிடையே அவர் பெயர் அறியப்பட்டுள்ளது. ஆனால் கிங்கை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அவரது பணி ஆராயத்தக்கதே. ஏனெனில் மாணவரைப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் என்றேனும் சந்திக்கவேண்டிய ஒரு நெருக்கடியை அவர் மீண்டும் மீண்டும் சந்தித்தார். ஆராதனை மேடையில் நீதியைப் பற்றித் தலைவர் போதிக்கிறார். மாணவர் அதனை மெய்யென்று நம்பிச் செயலில் இறங்குகின்றனர். அதன் விளைவாகச் சிறையும் வசையும் வருகின்றன. அப்பொழுது போதித்தவர் எங்கே நிற்பார்?

உருவான விதம்

மேய்ஸ் 1894-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் ஒரு குத்தகை விவசாயக் குடும்பத்தில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்து பின்னர் விடுதலை பெற்றவர்கள். 1898-இல் அப்பகுதியில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை முன்னிட்டுக் கலவரம் மூண்டது. துப்பாக்கி ஏந்திக் குதிரைமீது வந்த வெள்ளையர் கூட்டமொன்று தம் தந்தையை மறித்து, தொப்பியைக் கழற்றி மீண்டும் மீண்டும் தலைவணங்கச் செய்ததே தம் வாழ்வின் முதல் நினைவு என அவர் பின்னாளில் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது நான்கு.

ஆண்டில் நான்கு மாதங்களே பள்ளி நடந்தது. எஞ்சிய மாதங்கள் பருத்தி வயலுக்குரியவை. ஆகவே அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபோது வயது 22 ஆகிவிட்டது. 1920-இல் வடகோடியிலுள்ள மேய்ன் மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1925-இல் முதுகலைப் பட்டமும் 1935-இல் முனைவர் பட்டமும் பெற்றார். இடையிடையே இரயில் வண்டியில் பயணிகளின் பெட்டி படுக்கைகளைச் சுமந்து கற்கைச் செலவுக்குப் பணமீட்டினார். நாற்பதாவது வயதில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை நினைவிற்கொண்டால், பிற்காலத்தில் சோம்பியிருந்த மாணவரிடம் அவர் ஏன் அத்துணைக் கடுமை காட்டினார் என்பது விளங்கும்.

1933-இல் ஜோசப் நிக்கல்சன் என்பாருடன் இணைந்து கறுப்பினத்தவரின் திருச்சபை குறித்து அவர் வெளியிட்ட ஆய்வு, இறையியல் மாணவர் இன்றும் கற்கத்தக்கது. நகர்ப்புறத்தில் 609 சபைகளையும் நாட்டுப்புறத்தில் 185 சபைகளையும் நேரில் கண்டு எழுதப்பட்ட நூல் அது. சபைகளின் கடன்சுமை, போதகர்களின் பயிற்சிக் குறைவு, ஒரே தெருவில் தேவைக்கு மிஞ்சிய ஆலயங்கள் ஆகியவற்றை அது மறைக்காமல் எடுத்துரைத்தது. தம் மக்களின் திருச்சபையைத் தாமே குறைகூறலாமா எனச் சிலர் வருந்தினர். அடுத்த ஆண்டே வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சமயக் கல்விப் பிரிவுக்கு முதல்வராக அழைக்கப்பட்டு, ஆறாண்டுகள் அங்கே பணியாற்றினார். நோயைக் கண்டறிந்தவரிடமே மருந்து கொடுக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது எனலாம்.

மைசூரில் கேட்ட ஒரு சொல்

ஹோவர்டில் பணியாற்றிய காலத்தில், 1937 சனவரியில் மைசூரில் கூடிய உலக வாலிபக் கிறிஸ்தவ சங்க மாநாட்டிற்காக மேய்ஸ் இந்தியா வந்தார். அப்பயணத்தின்போது சானிங் டோபயஸ் என்பாருடன் வார்தா சென்று காந்தியடிகளைச் சந்தித்து, அறப்போராட்டம் குறித்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் உரையாடினார். தீண்டாமையை எதிர்க்கும் நீங்கள் சாதியமைப்பை முழுமையாக எதிர்க்காதது ஏன் என்றும் அவர் வினவினார். காந்தியடிகள் தீண்டாமையையே முதற்கண் எதிர்க்கவேண்டியதாகக் கருதினார். சாதியைத் தொழிற்பகுப்பாக விளக்கினார். முந்திய ஆண்டில்தான் டாக்டர் அம்பேத்கர் சாதி ஒழிப்பு குறித்த தம் உரையை நூலாக வெளியிட்டிருந்தார் என்பதை நாம் இவ்விடத்தில் மறத்தலாகாது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் சில நாட்களிலேயே இவ்வினாவின் மையத்தைத் தொட்டுவிட்டார்.

ஆனால் அவரது உள்ளத்தை மிகுதியும் அசைத்தது வார்தா உரையாடலன்று. மாநாடு நடந்த இடத்திற்கு அருகிலிருந்த சிற்றூர் ஒன்றில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி இருந்தது. அதன் தலைமையாசிரியர் மேய்ஸை அழைத்துச் சென்று, இவர் அமெரிக்காவின் தீண்டத்தகாதவர், அங்கே இருந்துகொண்டே இத்துணை உயர்ந்திருக்கிறார் என்னும் பொருளில் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். மேய்ஸ் முதலில் திடுக்கிட்டார், சினமும் கொண்டார். தம்மை அவ்வாறு ஒருவர் அழைப்பார் என அவர் எண்ணியதேயில்லை. சிறிது நேரத்தில் சினம் தணிந்தது. தலைமையாசிரியர் சொன்னது உண்மையே என்றும், தம் சொந்த நாட்டில் தாம் தீண்டத்தகாதவரே என்றும் அப்பொழுதுதான் முழுமையாக உணர்ந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். நம் நாட்டில் பெயர் அறியப்படாத ஒரு பள்ளியாசிரியர் இவ்வாறு ஒரு கல்வித் தலைவரின் உருவாக்கத்தில் பங்குபெற்றார்.

செவ்வாய்க்கிழமைகள்

மோர்ஹவுஸ் கல்லூரி 1867-இல் அகஸ்டா நகரில் ஒரு பாப்திஸ்து ஆலயத்தில் தொடங்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆண்களுக்கு எழுத்தறிவும் போதகப் பயிற்சியும் அளிப்பதே அதன் தொடக்க நோக்கம். 1879-இல் அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்து, 1913-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1940-இல் மேய்ஸ் தலைவராக வந்தபோது பணமும் இல்லை, ஊக்கமும் இல்லை. உலகப் போர் மாணவரைப் படைக்கு இழுத்துக்கொண்டு போனதும் வகுப்பறைகள் வெறிச்சோடத் தொடங்கின. போர் முடியும்வரை கல்லூரியை மூடிவிடலாமே என்ற பேச்சும் எழுந்தது. மேய்ஸ் உடன்படவில்லை. உயர்நிலைப் பள்ளியை முழுதும் முடிக்காத சிறுவரைத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழியைக் கைக்கொண்டார். 1944-இல் அவ்வாறு பதினைந்து வயதில் சேர்ந்தவரே மார்ட்டின் லூதர் கிங். வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இவ்வாசிரிய மாணவ உறவு, காலியான இருக்கைகளை நிரப்பும் கவலையிலிருந்து பிறந்தது என்பதை நிர்வாகிகள் கவனிக்கலாம்.

அதே 1944-இல் 27 கறுப்பினக் கல்லூரிகள் ஒன்றிணைந்து நிதி திரட்டும் அமைப்பொன்றை உருவாக்கியபோது மேய்ஸ் அதில் முன்னின்றார். கட்டணம் தண்டுவதில் அவர் காட்டிய விடாப்பிடியைக் கண்டு மாணவர் அவருக்குப் ‘பக் பென்னி’ என்று பட்டப்பெயர் சூட்டினர். ‘பக்’ என்பது டாலருக்கு வழங்கும் கொச்சைச் சொல். பென்னி என்பது பெஞ்சமினின் சுருக்கம். அக்காலத்து வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியொன்றின் பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டது. விடுதிப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த இக்கட்டுரையாளனுக்கும் மாணவர் ஒரு பட்டப்பெயர் சூட்டியதுண்டு. அது இவ்வளவு மரியாதையானதன்று.

செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஆராதனையில் மேய்ஸ் தாமே மாணவரிடம் பேசினார். வருகை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கட்டாய ஆராதனையை இக்கட்டுரையாளன் ஆதரிப்பவனல்லன். அது பெரும்பாலும் பின்வரிசையில் உறங்குவோரையே உருவாக்குகிறது. ஆயினும் அந்த மண்டபத்தில் நடந்தது வேறு வகையானது எனப் பழைய மாணவர் பலர் சான்று கூறியுள்ளனர். உரை முடிந்தபின் கிங் தலைவரைப் பின்தொடர்ந்து சென்று, கேட்ட கருத்துகளைப் பற்றி வாதிடுவது வழக்கம். அலுவலகக் கதவு அதற்குத் திறந்திருந்தது.

அவ்வுரைகளில் திரும்பத் திரும்ப வந்த பொருள் ஒன்றுண்டு. இனப்பாகுபாட்டுச் சட்டம் உன்னைச் சில இடங்களில் கட்டாயப்படுத்தலாம்; ஆனால் நீயாகவே விரும்பி அதற்கு உட்படாதே என்பதே அது. படம் பார்ப்பதற்காகப் பின்புறப் படிக்கட்டில் ஏறி, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய மேல்மாடத்தில் உட்காருவது எவருடைய கட்டாயம்? திரைப்படம் பார்க்காவிட்டால் உயிர் போகுமா? கல்லூரி மாணவரிடம் திரைப்படத்தைத் துறக்கச் சொல்வது எளிதன்று என்பது நமக்குத் தெரியும். ஆனால் மேய்ஸின் நோக்கம் பொழுதுபோக்கைத் தடுப்பதன்று. இழிவுக்குத் தன் கையால் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் பழக்கத்தை உடைப்பதே அவர் கருதியது. அவரும் அவ்வாறே வாழ்ந்தார் என்பதால் மாணவர் செவிகொடுத்தனர்.

பெற்றோரின் இடத்தில் கல்லூரி

இங்கே அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் நலப்பொறுப்பு எவ்வாறு விளங்கிற்று என்பதைச் சற்று விளக்கவேண்டும். கல்லூரி, மாணவரின் பெற்றோர் நிலையில் நிற்கிறது என்பதே நெடுங்காலம் அங்கு நிலவிய சட்டக் கோட்பாடு. 1913-இல் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி, வளாகத்திற்கு வெளியேயுள்ள உணவுக்கடைகளுக்கு மாணவர் செல்லலாகாது என விதித்தது. கடைக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பெற்றோருக்குரிய அதிகாரம் கல்லூரிக்கு உண்டு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவு, உடை, நட்பு, இரவில் விடுதிக்குத் திரும்பும் நேரம் ஆகிய அனைத்தும் இக்கோட்பாட்டின்கீழ் அடங்கின. தவறு செய்த பிள்ளையைத் தந்தை வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கு விசாரணை தேவையில்லை. அவ்வாறே மாணவரை நீக்குவதற்கும் விசாரணை தேவையில்லை என்றாயிற்று. நம் விடுதிகளின் விதிகள் பலவற்றிலும் இக்கோட்பாட்டின் சாயல் இருப்பதை வாசகர் அறிவர்.

மேய்ஸும் தந்தைநிலையில் நின்றவரே. ஆனால் தந்தைமை என்பதை அவர் எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதற்கு 1956 பிப்ரவரியில் நடந்த நிகழ்ச்சியொன்று சான்றாகும். மான்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. கிங்கின் வீட்டின்மீது அதற்கு முந்திய மாதம் குண்டு வீசப்பட்டிருந்தது. இப்பொழுது போராட்டத் தலைவர்கள் பலர்மீது குற்றச்சாட்டுப் பதிவாகி, கைதாணை பிறந்தது. அப்பொழுது வெளியூரிலிருந்த கிங், அட்லாண்டாவிலுள்ள தம் பெற்றோரின் இல்லத்திற்கு வந்தார். மகன் மான்ட்கோமரிக்குத் திரும்பினால் உயிர் தப்பாது என அஞ்சிய தந்தை, நகரின் மூத்தோரை வீட்டிற்கு அழைத்தார். வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர், பேராயர், வணிகர், அட்லாண்டா பல்கலைக்கழகத் தலைவர் ரூஃபஸ் கிளெமென்ட் ஆகியோருடன் மேய்ஸும் வந்திருந்தார். மகன் திரும்பிச் செல்லலாகாது என்ற தந்தையின் வாதத்திற்கு அவையில் பலர் உடன்பட்டனர். கிங் தம் தோழரோடு சிறையிருக்கவே விரும்புவதாகக் கூறினார். தந்தை கண்ணீர் விட்டார். கிங் மேய்ஸை நோக்கினார். மேய்ஸ் இளைஞரின் பக்கம் பேசினார்.

பெற்ற தந்தை அழுதுகொண்டிருக்கும் அறையில், அவர் பிள்ளையை ஆபத்திற்குள் அனுப்பும் சொல்லை இன்னொருவர் கூறுவது எளிய செயலன்று. பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் பழி யார்மீது விழும் என்பதை மேய்ஸ் அறியாதவரல்லர். தாம் செவ்வாய்க்கிழமைகளில் கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவருக்கு அன்று நல்லதொரு வாய்ப்பு இருந்தது.

நான்காண்டுகளுக்குப் பின் அவ்வினா ஒரு வீட்டிற்குள் அடங்காமல் நகரம் முழுவதும் பரவியது. 1960 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் மாணவர் நால்வர் வெள்ளையருக்கான உணவு மேசையில் அமர்ந்ததைத் தொடர்ந்து, அட்லாண்டா மாணவரும் கூடித் திட்டமிட்டனர். லோனி கிங், ஜூலியன் பாண்ட் முதலிய மோர்ஹவுஸ் மாணவர் இதில் முன்னின்றனர். நகரிலுள்ள ஆறு கறுப்பினக் கல்வி நிறுவனங்களின் தலைவர்களும் மாணவரை அழைத்து, முதலில் குறைகளை எழுத்தில் வெளியிடுமாறு ஆலோசனை கூறினர். அதன்படி மார்ச் 9-ஆம் நாள் நகர நாளிதழ்களில் ‘மனித உரிமைகளுக்கான வேண்டுகோள்’ வெளிவந்தது. இதனை எழுதியதில் பெரும்பங்கு ஸ்பெல்மன் மகளிர் கல்லூரி மாணவி ரோஸ்லின் போப்புக்குரியது. கல்வி, வீட்டுவசதி, மருத்துவமனை, வாக்குரிமை எனத் துறைதோறும் பாகுபாட்டைச் சான்றுகளுடன் அது எடுத்துரைத்தது. மாநில ஆளுநரோ, இது மாணவர் எழுதியதாகவே தோன்றவில்லை என்றார். ஆறு நாட்களுக்குப் பின் ஏறத்தாழ 200 மாணவர் பத்து உணவகங்களுக்குச் சென்று அமர்ந்தனர். 77 பேர் கைதாயினர்.

தலைவர்களின் ஆலோசனை காலங்கடத்தும் தந்திரம் என மாணவருள் சிலர் ஐயுற்றனர். அந்த ஐயத்திற்கு இடமில்லாமலில்லை. அறுவரும் ஒரே அளவு துணிவுடையவராக இருக்கவில்லை. மேய்ஸ் மாணவரை வெளிப்படையாக ஆதரித்தார். இருப்பினும் ஆதரித்தவருக்கும் இழப்புண்டு. மாணவரைப் பட்டம் பெறச்செய்வதே கல்லூரியின் பணி. ஜூலியன் பாண்ட் 1961-இல் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்தில் இறங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1971-இல்தான் திரும்பிவந்து பட்டத்தை முடித்தார். திரும்பி வராதோரும் இருந்திருப்பர்.

மேய்ஸின் துணிவைப் போற்றுவோர், அவர் நின்ற தளத்தையும் நினைவிற்கொள்ளவேண்டும். மோர்ஹவுஸ் தனியார் கல்லூரி. மாநில அரசின் பணத்தில் நடந்ததன்று. அதே மாதங்களில் அலபாமா மாநிலக் கல்லூரி மாணவர் நீதிமன்றக் கட்டட உணவகத்தில் அமர்ந்தபோது, ஆளுநரின் வற்புறுத்தலால் ஒன்பது பேர் விசாரணையின்றி நீக்கப்பட்டனர். அக்கல்லூரித் தலைவரும் கறுப்பினத்தவரே. அவரைக் கோழை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவர் மறுத்திருந்தால் அவரும் நீக்கப்பட்டிருப்பார், கல்லூரியின் நிதியும் ஆபத்திற்குள்ளாகியிருக்கும். துணிவு தனிமனிதரின் குணம் மட்டுமன்று. பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் அதனை வரையறுக்கிறது. திருச்சபைக் கல்லூரிகள் அரசு மானியத்தையும் செல்வரின் நன்கொடையையும் ஏற்கும்போது இதனைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

நீக்கப்பட்ட அம்மாணவர் தொடுத்த வழக்கில், 1961 ஆகஸ்டு 4-ஆம் நாள் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். கடைக்காரர் தோற்ற பழைய வழக்கிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. பெற்றோர் நிலை என்னும் கோட்பாடு அதன்பின் தளர்ந்தது. மாணவர் நலத்துறை கண்காணிக்கும் அலுவலகம் என்பதிலிருந்து கேட்கும் அலுவலகமாக மாறத் தொடங்கியது. இம்மாற்றம் ஒரு கல்வியாளரின் ஆய்விலிருந்தன்று, உணவு மேசையில் அமர்ந்த மாணவரிடமிருந்தே வந்தது.

பிற்காலம்

மேய்ஸ் 1967-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு, சிறந்த கல்வித் தரமுடைய கல்லூரிகளுக்கே அனுமதிக்கப்படும் ஃபை பீட்டா கப்பா கழகத்தின் கிளை மோர்ஹவுஸில் அமைந்தது. அவர் நெடுங்காலம் விரும்பிய சிறப்பு அது. பின்னர் அட்லாண்டா நகரக் கல்விக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1970 முதல் 1981 வரை அதன் தலைவராயிருந்தார். கறுப்பினத்தவர் அப்பொறுப்பிற்கு வந்தது அதுவே முதன்முறை. 1973-இல் அங்கு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மாணவரைப் பேருந்துகளில் பிற பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பி இனங்களைக் கலக்கும் திட்டம் பெரிதும் சுருக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பள்ளி நிர்வாகத்தின் உயர்பதவிகள் கறுப்பினத்தவருக்குத் திறக்கப்பட்டன. பிரிவினையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் இதனை ஏற்கலாமா என நாடு முழுவதும் வினவினர். வெள்ளையர் குடும்பங்கள் ஏற்கெனவே நகரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. கலப்பதற்கு யாருமில்லாத நிலையில் ஆளும் பொறுப்பையாவது பெறுவோம் என்று கருதினர் உடன்பட்டோர். இக்கட்டுரையாளன் இதில் உறுதியான தீர்ப்புக் கூற இயலாதவனாயிருக்கிறான்.

1984 மார்ச் 28-ஆம் நாள் மேய்ஸ் மறைந்தார். ஆயினும் அவரைப் பற்றி நினைக்கும்போது மனம் நிற்குமிடம் அதற்கு பதினாறு ஆண்டுகள் முற்பட்டது. அவரும் கிங்கும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர்: இருவரில் முந்தி இறப்பவருக்காகப் பிந்தியவர் இரங்கலுரை ஆற்றவேண்டும் என்பது அது. 1968 ஏப்ரல் 9-ஆம் நாள், கோவேறு கழுதைகள் பூட்டிய பண்ணை வண்டியில் கிங்கின் உடல் எபனேசர் ஆலயத்திலிருந்து நகரத் தெருக்கள் வழியாக மோர்ஹவுஸ் வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. திறந்த வெளியில் பெருந்திரளான மக்கள் கூடியிருந்தனர். மாணவருக்கு வயது 39. ஆசிரியருக்கு வயது 73. முன்வரிசையில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த இல்லத்தில் கண்ணீர் விட்ட தந்தை அமர்ந்திருக்க, மேய்ஸ் எழுந்து பேசினார்.